முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்

என் பேனா நாற்பதாயிரம் ஸ்வாட்டி வரை எட்டும்.
வங்கிகள் ஒன்றாய்க் கலப்பதற்கு முன்
எண்பது வரை எட்டியது.
அதற்கு மேல் என்றால் காகிதம் வார்சாவுக்கு ரயிலேறும்
(ரயிலெல்லாம் பேச்சுக்குத்தான், ஒரு பொத்தான்).
சுவாவ்கியில் எவ்வளவு குளிர் என்று
அங்கே யாருக்கும் தெரியாது.

ரெமிகியுஷ் வந்தது மார்ச்சில்.
ஏரி இன்னும் உருகவில்லை.
புகைபோட்ட மீன் விற்பவர்;
மேல்கோட்டைக் கழற்றியதும்
கிளை முழுக்கத் தெரிந்துவிட்டது.
குளிர்பதன வேன் ஒன்று, பழையது, ஐம்பத்தைந்தாயிரம்.
கணினி அவருக்கு 571 போட்டது.
580 இருந்திருந்தால் பேசாமல் விட்டிருக்கும்.
அந்த ஒன்பது புள்ளி
எப்போதோ கட்ட மறந்த ஒரு ஃபோன் பில் என்று நினைக்கிறேன்.
கணினி காரணம் சொல்வதில்லை.

நாற்பதுக்குள் என்றால்
மதிப்பெண்ணைத் தாண்டி நான் கையெழுத்திடலாம்.
அதற்கொரு கட்டம் உண்டு, நூற்றைம்பது எழுத்து கொள்ளும்.
"புகைக்கூடத்தை நேரில் பார்த்தேன்.
ஆல்டர் விறகு இரண்டு குளிர்காலத்துக்கு அடுக்கியிருக்கிறது.
ஆறு ஓட்டல்கள் வாடிக்கை, பாக்கி இல்லை.
மனைவி கணக்கு"
அதோடு இடம் தீர்ந்தது.
கோப்பில் இன்றைக்கும்
"மனைவி கணக்கு" என்று அந்தரத்தில் நிற்கிறது.

பிறகு நான்தான் கேட்டேன்:
முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று போடுவோமா?
மதியத்துக்குள் முடித்துவிடலாம்.
அவர் ஜன்னலைப் பார்த்தார். சரி என்றார்.
விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
விரல் என்னுடையது.
வீங்க வேண்டியிருந்தது அவர் தொழில்.

அந்தத் தொகைக்கும் ஒரு வேன் கிடைத்தது,
முதலில் பார்த்ததைவிட ஆறு வயது மூத்தது.
ஜூலையில், ஆகுஸ்துவ் போகும் சாலையில்,
கம்ப்ரஸர் நின்றது.
முந்நூற்றெண்பது கிலோ மீன்.
ஒரு கல்யாண விருந்தும் அதில் அடக்கம்.

செப்டம்பரில் தணிக்கைக்கு வந்தாள் மிலேனா.
நல்லவள், நான் போட்ட தேநீரைப் புகழ்ந்தாள்.
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
முடிவெடுத்தவர்: என் பெயர்.
"571க்கு எப்படிச் சரி சொன்னீர்கள்?"
பதில் இருந்தது. சொன்னேன். எழுதிக்கொண்டாள்.
ஏன் குறைத்தீர்கள் என்று கேட்கவில்லை.
அவள் படிவத்தில் அதற்கு வரி கிடையாது.

அவர் இன்னும் கட்டுகிறார்.
பத்தாம் தேதிக்குப் பதில் பத்தொன்பது, இருபத்திரண்டு.
எண்ணும் இயந்திரம் நோட்டை முகர்ந்து பார்ப்பதில்லை;
காசாளர் அகாத்தாதான் மூக்கைச் சுருக்கி
"மீன் வந்தாச்சு" என்பாள்.
நான் சிரிப்பதில்லை. முன்பு சிரித்திருக்கிறேன்.

போன வாரம் கடிதம் வந்தது: இனி இருபத்தைந்து.

இன்று எதிரே அலெஸ்யா, எல்லைக்கு அப்பால் க்ரோத்னாவிலிருந்து வந்தவள்.
நாய்களுக்கு முடி வெட்டும் கடை.
தொட்டி, மேசை, உலர்த்தி, கொதிகலன்:
முப்பத்தோராயிரம்.
விரல் தன் பாட்டுக்கு
இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம் அடிக்கப் போனது.
பாதியில் நிறுத்திக் கேட்டேன்:
"குறைத்துக் கொடுத்தால் எதை விடுவீர்கள்?"
கோட்டில் ஒட்டிய நாய்முடியைப் பிடுங்கியபடி யோசித்தாள்.
"சுடுதண்ணீரை."

முப்பத்தோராயிரம் என்று முழுசாய் அடித்தேன்.
மூன்று வாரமாகும், முடிவு என் கையில் இல்லை என்றேன்.
இத்தனை வருடத்தில்
அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வார்சாவுக்குப் போகும் கட்டத்தில்
எழுத்துக்கு வரம்பில்லை.
'இங்கே நவம்பரிலேயே குழாய் உறைந்துவிடும்'
என்று தொடங்கினேன்.