தணிக்கைக் குறிப்பு 14-க்கு விளக்கம்

ஐயா,
கொழுப்பு நீக்கிய பால் பவுடர், அரைக் கிலோ.
சால்மன் மீனின் விந்து டிஎன்ஏ, ஐந்து மில்லி.
இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டு
'டீக்கா? குழம்புக்கா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் ஜன்னலைத் திறந்தால்
காசிமேட்டுக் காற்று கதவு தட்டாமல் வரும்.
அந்த வாடையில் நின்றுகொண்டு
குளிர்க்கடல் மீனுக்கு டாலரில் பணம் கட்டுவது
எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.
விசைப்படகில் போகிற என் கொழுந்தன் தேசப்பன்,
'எத்தினி வோணும் சொல்லு அண்ணி,
அன்னக்கூடையில கொண்டாறேன்' என்கிறான்.

நைலான் சவ்வு பசியெடுத்தது, ஐயா.
எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும்.
நாங்கள் அனுப்பும் துண்டு
தன் ஜோடியைக் கண்டுபிடிப்பதற்குள்
காலியிடமெல்லாம் அதைக் கையைப் பிடித்து
உட்காரவைத்துவிடும்.
மறுநாள் ஃபிலிம் முழுக்கக் கறுப்பு,
எண்ணூரில் காயப்போட்ட வேட்டி மாதிரி.
போன மாதம் மூன்று முறை.
அந்த நஷ்டத்தை
நீங்கள் எந்த மையிலும் வட்டமிடவில்லை.

ஆகவே முதலில் பால்.
பிறகு மீன்:
பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சட்டென்று ஐஸில்.
பிரிந்த இழைகள் ஒன்றையொன்று திரும்பத் தேட
நேரம் தரக்கூடாது.
தண்ணி லாரி வருமுன்னே தெருவில் நிற்கும்
காலிக் குடங்களைப்போல
அவை போய் இடம்பிடிக்கின்றன.

இந்த முறை படம் சுத்தமாக விழுந்தது.
இருட்டறையில் லூர்துமேரி தூக்கிப் பிடித்தாள்:
பதினோராம் வரிசையிலும் பதினேழாம் வரிசையிலும்
அதே உயரங்களில் அதே ஒன்பது கோடுகள்.
ஒரே காசநோய்க் கிருமி, இரண்டு நெஞ்சில்.
ஒருவர் கொருக்குப்பேட்டைத் தையற்காரர்,
மற்றவன் மணலியில் டேங்கர் கழுவும் பையன்.
பார்த்ததே இல்லை என்கிறார்கள் இருவரும்.
எங்கோ ஒரு ஷேர் ஆட்டோ,
மழைக்கு இறக்கிவிட்ட படுதா,
ஓர் இருமல்.
இருக்கலாம். ஃபிலிம் அதையெல்லாம் சொல்லாது,
போய்க் கேள் என்று மட்டும் சொல்லும்.

பால் அதில் தெரியாது.
மீனும் தெரியாது.
தெரிந்தால் வேலை கெட்டது என்று பொருள்.

டீ எதிர்க்கடையில் குடிக்கிறோம்,
சொந்தக் காசில்.
மிச்ச மீன் மைனஸ் இருபதில் இருக்கிறது,
நேரில் வந்து அளந்து பார்க்கலாம்.
ஷேர் ஆட்டோவில் வருவதானால்
ஓரமாக உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஜெ. குணவதி,
லேப் டெக்னீஷியன், நிலை இரண்டு.