பக்கம் நாற்பத்தொன்று

வியாழக்கிழமை, மாலை ஏழு மணி.
பீட்டர்ஹெட் நூலகத்தின் மாடியறையில்
ஹீட்டர் ஒருபக்கம் மட்டும் சுடுகிறது.
எலுமிச்சை தேய்த்துக் கழுவியும்
எங்கள் கைகளில் மீன்தான்.

ஃபெனெல்லா பலகையில் நீளமாய் ஒரு கோடு இழுக்கிறாள்:
நடந்துகொண்டிருந்தது.
அதன் குறுக்கே குட்டையாய் இன்னொன்று:
நடந்தது.
ஓடிக்கொண்டிருப்பதை இது வந்து நிறுத்தும், என்கிறாள்.
தலையாட்டினோம்.

கப்பல் கரையில் நிற்கும் வாரங்களில் மட்டும் வரும் ரொடெலியோ
வருகிறபோதெல்லாம் அதையே கேட்கிறான்:
'கோ' எப்படி 'வென்ட்' ஆனது?
போய்வந்தவனுக்கு முகம் மாறிப்போகும் இல்லையா, அப்படித்தான்,
என்கிறாள் லாட்வியாக்காரி இங்குனா.
ஃபெனெல்லா பிஸ்கட் டப்பாவை
எங்கள் பக்கம் நகர்த்துகிறாள்.

எனக்குப் பிடித்த வினை 'கட்'.
கட், கட், கட்.
இன்றைக்கு வெட்டினாலும், நேற்று வெட்டியிருந்தாலும்
ஒரே சத்தம்.
ஹேடாக்கின் செவுளுக்குப் பின்னால் கத்தி இறங்குகிற சத்தம்.
நிமிடத்துக்குப் பதினான்கு மீன்.
அதை மட்டும் நான் மனப்பாடம் செய்யவில்லை.

பக்கம் நாற்பத்தொன்றில் ஒரு படம்.
ஏணிமேல் ஒருவன், கையில் பெயின்ட் வாளி, கீழே பூனை.
அடுத்த கட்டத்தில் ஏணி சாய்கிறது.
விழும்போதும் அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான்.
கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும்:
அவன் என்ன செய்துகொண்டிருந்தபோது என்ன ஆனது?
எல்லாரும் சிரித்தார்கள்.
போன அக்டோபருக்கு முன்னால் என்றால்
நானும் சிரித்திருப்பேன்.

புத்தகத்தை மூடிவிட்டு நோட்டில் எழுதினேன்:
என் தம்பி பிளாமென் புகைபோக்கி துடைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தான்.
நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது
லாக்கருக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது.
(இரண்டும் நீளக் கோடு. ஒன்று மற்றதை நிறுத்தவில்லை.)
நான் போனை எடுக்கும் முன்பே
அவன் இறந்திருந்தான்.

ஃபெனெல்லா படித்தாள்.
ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாள்.
என் தோளைத் தொட வந்த கை
பாதியில் பேனாவுக்குத் திரும்பியது.
வேறு பிழை ஒன்றுமில்லை ஸ்த்ராவ்கா, என்றாள்.

அதுதான் குடைந்தது.

எங்கள் பல்கேரிய மொழியில்
கண்ணால் கண்டதற்கு ஒரு வினை,
காதால் கேட்டதற்கு வேறு வினை.
விழுந்தான் என்று சொல்ல நான் யார்?
விழுந்தானாம்.
ஏணி ஈரமாயிருந்ததாம்.
பக்கத்து வீட்டு நாய்தான் முதலில் குரைத்ததாம்.
வாயில் கரியோடு எதையோ சொல்ல வந்தானாம்.
விடின் போய்ச் சேர்ந்தேன், மண் மூடியிருந்தார்கள்.
நான் பார்த்தது அந்த மண் ஒன்றைத்தான்.
மற்ற எல்லா 'ஆம்'களுக்கும்
இங்கிலீஷில் ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை.
காற்புள்ளியோடு என்னைச் சாட்சியாக்கிவிட்டது.

உடைந்த வாக்கியங்களில் இதைச் சொல்லி முடிக்க
கால்மணி நேரம் பிடித்தது.
ஃபெனெல்லா யோசித்தாள்.
பலகையில் எழுதினாள்: அப்பரென்ட்லி.
ரொடெலியோ உடனே சோதித்துப் பார்த்தான்:
அப்பரென்ட்லி, எங்கள் கேப்டன் நல்லவர்.
அறை வெடித்துச் சிரித்தது.
நானும்தான். நிஜமாகவே.

பிறகு 'விழுந்தான்' என்பதற்கு மேலே
பென்சிலால் அந்தச் சொல்லை நுழைத்தேன்.
கோட்டைத் தாண்டி ஓரம்வரை போனது.
பரவாயில்லை.

அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து தெஸ்ஃபாலெம்.
எரித்ரியப் பையன்.
ஐந்து வாரமாய் வருகிறான், வருகைப்பதிவுக்கு மட்டும் வாய் திறப்பான்.
பள்ளிப்பிள்ளை போல் கையைத் தூக்கினான்.

பார்த்ததை
பார்க்கவில்லை என்று சொல்ல
எந்த வினை, டீச்சர்?

மார்க்கரின் மூடியைத் தேடினாள் ஃபெனெல்லா.
அது அவள் கையிலேயே இருந்தது.
வெளியே யாரோ கொட்டிய சிப்ஸுக்காகக்
கடற்காகங்கள் சண்டைபோட்டுக்கொண்டிருந்தன.