ஏழாவது அடி

ஜெர்லின் அனுப்பிய படத்தில்
ஒரு சாலை, இலையில்லாத மரங்கள்,
மதியம் மூன்றுக்கே எரியும் ஒரு வாசல் விளக்கு.
“இத வரைஞ்சு அம்மைக்குக் குடுங்கண்ணா.
நான் எங்க கெடக்கேன்னு பாக்கட்டும்.”

பனி விழுந்து நான் கண்டதில்லை.
புத்தளத்தில் டிசம்பர் என்பது
விடியலில் தென்னைகளைக் கலைத்துவிட்டு
எட்டு மணிக்குள் திரும்ப நட்டுவிடும் மூட்டம்.
குளிர் என்று சொல்லமாட்டோம், தணுப்பு.
தலையில் துவர்த்து கட்டினால் போய்விடும்.

முதல் தாளில் வெள்ளை பூசினேன்,
சுண்ணாம்படித்த மதில் ஆயிற்று.
இரண்டாவதில் பூசாமல் விட்டேன்,
சோம்பேறித்தனம் ஆயிற்று.
மூன்றாவதைக் கிழிக்குமுன் குரல் வந்தது:
“அது வெள்ளையே இல்லண்ணா.
நைட் ஷிப்ட் முடிஞ்சு வரும்போ
எங் காலு பதிஞ்ச குழியில
நீலம் கெட்டிக் கெடக்கும்.”

அளத்தில் மழைத்தண்ணீர் நின்றது.
போன கோடையின் உப்பு
ஓலை மூடிக் குவிந்திருந்தது.
காவலுக்கு இருந்த தாசையன் ஒரு கை அள்ளித் தந்தான்,
எதற்கென்று கேட்கவில்லை.

தாளை நனைத்து, பலகையைச் சாய்த்து,
நீலத்தில் ஒரு சொட்டுக் காவி கலந்து
ஓடவிட்டேன்.
பளபளப்பு அடங்குகிற நொடியில்
உப்பைத் தூவினேன்.
ஒவ்வொரு கல்லும் பக்கத்து ஈரத்தைக் குடித்து
நிறத்தைத் தள்ளி நிறுத்தி
வெளிறி விரிந்தது.
தொடாதே என்று கையிடம் சொல்லிவிட்டு
வெளியே போய் சைக்கிளைத் துடைத்தேன்.
நம் கடல் காய்ந்து
அவள் ஊரில் பெய்துகொண்டிருந்தது.

றெஜினாள் குழித்துறைக்காரி.
அங்கே பனி என்றால் காய்ச்சல்.
“இங்க ஒரே பனியம்மா” என்று
முதல் மாதம் மகள் சொன்னதற்கு
சுக்கும் மிளகும் பொதிந்து
பார்சல் அனுப்பியவள்.

படத்தை ஜன்னலோரம் கொண்டுபோனாள்.
தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள்.
விளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.
“நல்லாத்தான் இருக்கு.
ஒரு காலடியும் காணல்லியே.
பிள்ளை வேலைக்குப் போவல்லியா?”

குழியில் கெட்டிய நீலத்தை
மறந்தே போயிருந்தேன்.
அங்கேயே தூரிகையை நனைத்தேன்.
“எவ்வளவு தூரம் போடட்டும்?”
“வாசல் வர போடு.”

போகப்போகச் சிறுக்கும்படி பதினொரு அடி.
ஏழாவதில்,
தட்டாமல் விட்ட உப்புக்கல் ஒன்றில் இடறி
தூரிகை கொஞ்சம் இழுத்துவிட்டது.

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.
“இந்த எடத்துல வழுக்குமோ?”