மிச்சத் தண்ணீர்

ஓசூர் வீட்டுவசதிக் குடியிருப்பில்
'பூங்காவிற்கான இடம்' என்றொரு பலகை.
பூங்கா வரவில்லை,
பலகை துருப்பிடித்தது.
இரவு ஷிப்ட் முடிந்த சனிக்கிழமை
தூக்கத்தை ஒத்திப்போட்டு
கடப்பாரையோடு போய் நின்றேன்.
ஏழு பேர் வந்தார்கள்.
மூத்தவளுக்குப் பதினொன்று.

முதல் அறுவடை:
டைல்ஸ் சில்லு, ஒற்றைச் செருப்பு, குட்கா உறைகள்,
யாரோ தொலைத்த பைக் சாவி.
சாவியை மட்டும் லோகித் திரும்பப் புதைத்தான்,
"முளைச்சா வண்டி" என்று.

ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை.
எந்த வீட்டிலும் ஒரு குடம் கேட்க வாய் வரவில்லை.
பள்ளி விட்டு வரும் பாட்டில்களின் அடியில்
இரண்டு வாய், மூன்று வாய்
அதுதான் பாசனம்.
தாகத்தை அடக்கி மிச்சம் பிடிக்கிறார்கள்
என்று தெரிந்த அன்று கத்தினேன்.
மறுநாளிலிருந்து
முழுசாகக் குடித்துவிட்டு
பள்ளிக் குழாயில் நிரப்பி வந்தார்கள்.

வெண்டை வந்தது.
முள்ளங்கியும் வந்திருக்கும்,
வேர் பிடித்ததா என்று சைத்ரா
தினமும் பிடுங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"நேத்து தக்காளி பெட்டி அறுபது ரூபாய்தான் அக்கா,
ரோட்டுலயே கொட்டிட்டாங்க"
என்றான் பிஸ்வஜித்.
அவன் அப்பா மார்க்கெட்டில் லோடு இறக்குகிறார்.
சொல்லிக்கொண்டே
ஐடி கார்டு கயிற்றைக் கழற்றி
சாய்ந்த தக்காளிச் செடியைக்
குச்சியோடு சேர்த்துக் கட்டினான்.
எனக்குப் பதில் ஒன்றும் தோன்றவில்லை.

சாவி கிடக்கும் இடத்துக்கும்
தினம் ஒரு மூடி தண்ணீர் போகிறது.
பார்க்காதது மாதிரி
ஷிப்டுக்குக் கிளம்புகிறேன்.