பூச்சிய முனை

களுதாவளை, கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை.
நாடாவின் பூச்சிய முனையை டிலக்சன் பிடிக்கிறான்.
மறுமுனையில் மீட்டரைப் பார்த்து எழுதுவது நான்.
கதிரை
பூச்சியத்துக்குத்தான் வருகிறது.

“சேர், வெயிலுக்குள்ள நிக்காதீங்க.”

வேலைக்கு வந்து ஏழு கிழமையான பொடியன்,
என்னைப் பார்க்கிறான், கதிரையைப் பார்க்கிறான்.
“மெடம்தான் எனக்கு மேல” என்கிறான்.
“ஓமோம்” என்கிறார் வீட்டுக்காரர்.
மறுகா, பின்மண்டபமும் வரியில் சேருமா என்று
அவனிடமே கேட்கிறார்.

மதிலில் கறுப்புக் கல், பொன்னெழுத்து:
ஞா. தட்சணாமூர்த்தி, ஓய்வுபெற்ற அதிபர்.
என் பதிவேட்டில் இந்தக் காணிக்கு
அந்தப் பெயர் இல்லை.
உறுதி குலேந்திராணியின் பெயரில்.
அதற்கு முந்தியது அவவின் தாயின் பெயரில்.
அதற்கும் முந்தியதில் வெறும் பெருவிரல் அடையாளம்,
அதுவும் ஒரு பெண்ணின் விரல்.

இங்கே வீடு பெண்ணுக்கு.
மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு வருவார்.
கொழும்பில் படிக்கையில் இதைச் சொன்னால்
“அப்ப நீங்க ராணிகள்” என்பார்கள்.
நானும் கொஞ்சம் நிமிர்ந்து இருந்திருக்கிறேன்.

குலேந்திராணி குசினிக் கதவில் நிற்கிறா.
கையொப்பத்துக்குக் கூப்பிடுகிறேன்.
கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து
எந்த இடம் என்று கேட்கிறா,
அவரிடம்.
அவர் விரலால் காட்டுகிறார்.
அவ வைக்கிறா.

இந்த ஒழுங்கையில் நாற்பத்தொரு வீடு.
முப்பத்தாறுக்குப் பெண்தான் உரிமையாளர்.
கேற்றில் பெயருள்ள பெண்கள் மூன்று பேர்.
ஒருத்தி டொக்டர்.
ஒருத்தி சட்டை தைக்கிறவ, அது விளம்பரப் பலகை.
மற்றவ செத்துப்போனா. ஞாபகார்த்த இல்லம்.

மார்ச் மாதம் கல்லடியில் ஒரு பயிற்சி.
ஏசி மண்டபம், சோத்துப் பார்சல், முடிவில் ஒரு தாள்:
இக்காலத்திலும் பெண்கள் மீதான பாரபட்சம் நிலவுகிறதா?
ஆம். இல்லை. ஓரளவு.

பக்கத்துக் கதிரையில் மருதமுனை ஜெஸீமா.
“என்ட பேரில ஊடு கட்ட
எங்க வாப்பா ஒம்பது வருசம் கட்டாரில கிடந்தாரு.
அந்த ஊட்டுல இருந்து இஞ்ச வாறதுக்கு
ஆருட்டக் கேட்டன் எண்டு நினைக்காய்?”
பதிலுக்குக் காத்திராமல்
ஓரளவுக்கு நேரே புள்ளடி போட்டாள்.
நான் பேனையை மூடினேன்.
ஓரளவு என்பது எத்தனை மீட்டர்?

செட்டிபாளையத்தில் என் வீடு எழும்புகிறது.
காணி என் பெயரில். கடன் என் சம்பளத்தில்.
பிளேன் நான் கீறினது.
வீடு முடிந்தால்தான் கலியாணம்.
ஆரென்றே தெரியாத ஒருவரின் உயரத்துக்கு
கண்ணாடி எங்கே மாட்டுவது என்று
அம்மா இப்போதே யோசிக்கிறா.

காலையில், அறையில் சுவிட்ச் வரவேண்டிய இடத்தில்
சோக்கால் கட்டம் போட்டுவிட்டுப் போனேன்.
பின்னேரம் வந்தால்
கதவுக்கு மறுபக்கம் பெட்டி பதித்து, பூசி,
இன்னும் ஈரம்.

“தம்பிதான் ஃபோனில சொன்னவர்.”

தம்பிக்குப் பத்தொன்பது வயது.
அவன் ஓ.எல் கணக்கில் தப்பினதே என்னால்தான்.

இந்த மேசன் கனகரெட்ணம் கட்டிய கான் சரியென்று
போன மாதம் கையொப்பம் வைத்தவள் நான்.
வைத்திராவிட்டால் அவருக்குக் காசில்லை.
அது பிரதேச சபையில்.
இது வீடு.

“உடையுங்க” என்றேன்.
“தம்பிட்ட ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு...”
“உடையுங்க அண்ணன்.”

உளியை எடுத்தார். நல்ல வேலைக்காரர்,
பக்கத்துப் பூச்சில் ஒரு கீறல் விழவில்லை.
ஒவ்வொரு அடிக்கும் இடையில் மட்டும்
ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்,
ஆராவது வருகிறார்களா என்று.