முழு எண் மட்டும்

உப்பனாற்றைக் கடக்கும் படகில்
ரத்த அழுத்தக் கருவியை மடியில் வைத்துக்கொள்கிறேன்.
நனைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்பினேன்,
போகிற வீட்டிலெல்லாம் கழிப்பறை கேட்க முடியாது.

சோனாங்குப்பத்தில் நாற்பது வீடுகள்,
கணினி குலுக்கி எடுத்தவை.
குலுக்கலில் விழாத மச்சகாந்தி
வழி மறித்துக் கையை நீட்டுகிறாள்:
"எனக்குந்தான் சக்கரை. எழுதிக்க."
எழுத முடியாது அக்கா.
உங்களுக்கும் சேர்த்து இன்னொருத்தி பதில் சொல்வாள்
என்பதை எந்தத் தமிழில் சொல்ல?
பட்டையைச் சுற்றி அழுத்தம் மட்டும் பார்த்தேன்.
நூற்று எழுபது.
எந்தக் கணக்கிலும் சேராத நூற்று எழுபது.

பதினேழாம் வீடு. அஞ்சலாட்சி.
வயது?
"சுனாமியப்ப மூத்தவ மூணாப்பு."
ஐம்பது என்று நானே போட்டுக்கொண்டேன்.
கடந்த ஏழு நாளில் அழுத்த மாத்திரை எத்தனை போட்டீர்கள்?
பவுடர் டப்பாவைத் திறந்து காட்டுகிறாள்.
உள்ளே எல்லாம் அரை அரையாக,
அருவாமனையில் நறுக்கிய வெள்ளைப் பிறைகள்.
ஒன்றிரண்டு சரியாக உடையாமல்
ஓரத்தில் மாவாகிக் கிடக்கின்றன.

"பாதி எனக்கு. பாதி அவருக்கு."

அவருக்கு நோய் என்று யார் சொன்னது?
"தல சுத்துதுன்னாரு.
எனக்குத் தல சுத்தறப்ப இதத்தானே குடுத்தாங்க."

மூன்றரை என்று அடித்தேன்.
திரையில் சிவப்பு எழுத்து:
முழு எண் மட்டும்.
மூன்று என்றால் அவள் தின்றதில் குறைகிறது.
நான்கு என்றால் அவர் தின்றதில் கொஞ்சம் வருகிறது.
வலைக்குள்ளிருந்து தனவேல் சொல்கிறார்:
"ஏழுன்னு போடும்மா,
ஒழுங்கா சாப்புடறோம்னு இருக்கட்டும்."

அடுத்து, மாதம் மருந்துக்கு ஆகும் செலவு.
"ஒண்ணுமில்ல. ஜிப்மர்ல சும்மாதான் தராங்க."
பூஜ்யத்தை அழுத்தப் போனேன்.
"படகுக்கு, பஸ்சுக்கு, திரும்பி வர்ற பஸ்சுக்கு.
சீட்டுக்கு நிக்கையில ஒரு டீ.
வரிசை முடிய ரெண்டு மணி ஆயிடும், அதுக்கு ஒரு சோறு.
அன்னிக்குக் கூட எடுக்க முடியாது, ஏலம் போயிரும்.
அது ஐநூறு."
விரலை மடக்கி மடக்கி, கடைசியில் தானே சிரிக்கிறாள்:
"சும்மா குடுக்கற மாத்திரைக்கு
எழுநூத்தி இருவது ஆவுது பாரு."

பஸ்சுக்கு ஒரு வரி இருந்தது, முன்னோட்டப் படிவத்தில்.
கேள்விகள் நீளம், பதில் சொல்பவர்கள் சலிக்கிறார்கள்
என்று எடுத்துவிட்டார்கள்.
இதுவரை இங்கே யாரும் சலிக்கவில்லை.
நான்தான்.

பூஜ்யம்.

தனவேலின் கையில் பட்டை ஏறுகிறது, இறங்குகிறது.
நூற்று எண்பத்தெட்டு.
ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. நூற்று எண்பத்தாறு.
விதிப்படி ரோஸ் சீட்டு எழுதிக் கொடுத்தேன்:
உடனடியாக மருத்துவரைப் பார்க்கவும்.
அவர் அதை வாங்கவில்லை, அஞ்சலாட்சி வாங்கினாள்.
இன்னொரு எழுநூற்று இருபது என்று
அவள் சொல்லவில்லை.
நாலாக மடித்து
பவுடர் டப்பாவில் வைத்து மூடினாள்.
இனி அரைகளில் எல்லாம் ரோஸ் சாயம் ஒட்டும்.

குறிப்பு எழுத நாற்பது எழுத்து இடம்.
"ஒரு அட்டை, இரண்டு பேர்" என்றேன்.
மிச்ச இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மாலைப் படகில் மேற்பார்வையாளர் அழைக்கிறார்.
பதினேழில் நாலு மாத்திரைதானா,
மற்ற வீடெல்லாம் ஏழு ஏழு என்று இருக்கிறதே,
சரியாகக் கேட்டாயா?
கேட்டேன் சார்.
மற்ற வீடுகளில்தான் சரியாகக் கேட்கவில்லையோ
என்று அப்போதுதான் தோன்றியது.
எத்தனை டப்பாக்களைத் திறக்கச் சொல்லாமல் வந்தேன்.

எதிர்ப்பலகையில் மச்சகாந்தி,
காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கை.
துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன.
போனை நான் பையில் வைக்கும்வரை
காத்திருந்து கேட்கிறாள்:

"நூத்தி எழுவதுக்கு
முழுசா, பாதியா?"