ரெண்டு மணிக்கு மேல்

சுடுதண்ணியாக ஓடுகிறதாம் ஓர் ஆறு,
பர்கூர் மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து
இக்கட்டால இறங்கினால் ஒன்றரை மணி நேரம்.
சொன்னது மைனாவதியின் கொழுந்தன்.
அவன் சொல்வதில் பாதியைக் கழித்துத்தான்
எப்போதும் கணக்கு வைப்போம்.
கழித்த பிறகும் ஓர் ஆறு மிச்சமிருந்தது.

சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிறு. ஷிப்மென்ட் இல்லை.
ஓவர்லாக் மைனாவதி, செக்கிங் தேவசேனா,
அயர்ன் டேபிள் நான்.
தூக்குப்போசியில் புளிசோறு,
ஆளுக்கொரு மாற்றுச்சேலை,
சிகைக்காய்ப் பாக்கெட் ஏழு.
"ஏழு எதுக்கு?"
"சுடுதண்ணிக்கு நொரை நெறைய கேக்கும்."

எங்கள் காம்பவுண்டில் பதினொரு வீட்டுக்கு
ஒரே பொடக்காணி.
நான் தண்ணி வார்த்துக்கொள்வது நாலு சொம்பு.
ஐந்தாவதுக்குக் கதவில் தட்டு விழும்.
எட்டிலிருந்து எட்டு வரை ஆவியில் நிற்கிறேன்.
பேர் தெரியாத ஊரில் யாரோ போடப்போகும் பனியனுக்குச்
சுருக்கம் போக அவ்வளவு சூடு.
என் முதுகுக்கென்று ஒரு சொம்பும் காயவைத்ததில்லை.
கேஸ் விலை அப்படி.

இறக்கம். காய்ந்த மூங்கில்.
அறுந்த செருப்பு வாரில் தேவசேனா ஊக்குக் குத்தினாள்.
செம்மறை மாடுகள் நான்கு வழியடைத்து நின்றன.
"ஏனுங்க, செத்த ஒதுங்குங்க" என்றோம்.
யோசித்துவிட்டு ஒதுங்கின.
யானை லத்தியைக் குச்சியால் கிளறி
"நேத்தையது" என்றாள் மைனாவதி.
அவளுக்கு எப்படித் தெரியும் என்று
நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறு வந்தது.
அவள்தான் முதலில் கால் வைத்தாள்.
வைத்த காலை எடுத்த வெசையிலேயே
எங்களுக்குத் தெரிந்துவிட்டது.
ஐஸ்.
கொழுந்தனில் தொடங்கி
அவனுக்கு இனிமேல் வாய்க்கப்போகிறவள் வரை வைதாள்.
எதிர்க்கரைப் பாறை
ஒரு வார்த்தை விடாமல் திருப்பிக் கொடுத்தது.

சோற்றைத் தின்றோம்.
போசி கழுவப் போன தேவசேனாவைக் காணோம்.
கூப்பிட்டால்
"வாங்க" என்று மட்டும் கேட்டது, கீழே எங்கிருந்தோ.

அங்கே ஆறு ஒரு கரும்பாறைமேல்
கணுக்கால் மூழ்காத ஆழத்தில் அகலமாய்ப் பரவி,
லீவு போட்டவளைப் போல நகர்ந்துகொண்டிருந்தது.
காலையிலிருந்து வெயிலில் கிடந்த பாறை.
அதன்மேல் ஊர்ந்து வந்த தண்ணீர்
மூன்று பேர் கொள்கிற ஒரு குழியில்
தங்கிப் போனது, வெதுவெதுவென்று,
பச்சைப்பிள்ளைக்கு ஊற்றலாம் போல.

அக்கட்டால ஒருதரம் பார்த்துவிட்டு
சேலையைக் கல் வைத்து விரித்தோம்.
பாவாடையை மாருக்குமேல் ஏற்றிக் கட்டி
உட்கார்ந்தோம்.
யாரும் பழமை பேசவில்லை.

முழங்கைக்குக் கீழே அயர்ன் பாக்ஸ் இழுத்த கோடு.
சூடென்றாலே பின்வாங்கும் அந்தக் கை.
அதைக் கடைசியாகத்தான் இறக்கினேன்.
தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை.
எதையும் நேராக்கச் சொல்லாத சூடு.
விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை
சுருக்கத்தோடு கிடந்தேன்.

தேவசேனா வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள்.
சிகைக்காய்ப் பாக்கெட்டை மைனாவதி பல்லில் கடித்தாள்,
கிழிக்கவில்லை,
திரும்ப மடியில் செருகிக்கொண்டாள்.
நுரை ஓடுகிற ஆறு
எங்களூரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

மூன்றரைக்கு மலையின் நிழல் பாறைக்கு வந்தது.
ஓரத்திலிருந்து ஆறத் தொடங்கியது குழி.
கதவை யாரும் தட்டவில்லை,
நாங்களாகத்தான் எழுந்தோம்.
ஏற்றத்தில் சேலை காலைத் தடுக்கியது.
"ஏனுங்கக்கா, சீட்டெல்லாம் ஈரம்"
என்றான் கண்டக்டர். அந்தியூர் வரை
நின்றபடியே வந்தோம்.

திங்கட்கிழமை டேபிளைச் சுற்றிக் கூட்டம்.
"நெசமாலுமே சுடுதண்ணி ஆறுங்களா?"
"ஆமா" என்றேன், காலர் ஒன்றைத் திருப்பிப் போட்டபடி.
"போனா ரெண்டு மணிக்கு மேல போங்க.
அதுக்கு முன்னால
அது வெறும் ஆறு."